சாலி பென்சனும் நிலத்தடிக் கார்பன் சேமிப்பின் வரலாறும்

சாலி பென்சன் அமெரிக்காவைச் சேர்ந்த புவி அறிவியலாளர். நிலத்துக்கு அடியில் நீரும் நீராவியும் வாயுக்களும் பாறைகளின் ஊடே எவ்வாறு நகர்கின்றன என்பது இவரது ஆய்வுத் துறை. கலிஃபோர்னியா மாநிலத்திலுள்ள லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பணியாற்றிய இவர், 2007ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அனல் மின் நிலையங்களும் தொழிற்சாலைகளும் வெளிவிடும் கரியமில வாயுவை ஆழமான பாறை அடுக்குகளில் சேமித்து வைக்கும் முறையை அறிவியல் அடிப்படையில் ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவராக இவர் அறியப்படுகிறார்.

ஆயினும் இவரது பயணம் கரியமில வாயுவோடு தொடங்கவில்லை. முதலில் வெந்நீர்க் கிணறுகள், பிறகு பறவைகள் மடிந்த ஒரு நச்சுக் குளம், அதன் பிறகே கரியமில வாயு. மூன்றும் வேறு வேறு பொருள்கள் போலத் தோன்றலாம். மூன்றிலும் இவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: மண்ணுக்குள் விட்டது எங்கே போகிறது, அதை நாம் எப்படி அறிவது? நிலத்தடிக் கார்பன் சேமிப்பின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து செல்வதே எளிய வழி.

அறிவியல் பின்புலம்

நிலத்துக்கு அடியில் நீர் ஆறுபோல ஓடுவதாகப் பலரும் எண்ணுகிறோம். சுண்ணாம்புக் குகைகளைப் போன்ற சில இடங்களைத் தவிர, அப்படி ஓடுவதில்லை. மணற்கல்லை உருப்பெருக்கியில் பார்த்தால் மணல் துகள்களுக்கு இடையே நுண்ணிய துளைகள் தெரியும். நீர் அந்தத் துளைகளில் தங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்லக் கசிந்து செல்கிறது. பாறையில் எவ்வளவு இடம் துளைகளாக இருக்கிறது என்பதை நுண்துளைமை என்றும், அத்துளைகள் ஒன்றோடொன்று இணைந்து நீருக்கு எவ்வளவு வழிவிடுகின்றன என்பதை ஊடுருவுதன்மை என்றும் சொல்வர். களிமண்ணில் துளைகள் நிறைய உண்டு. ஆனால் அவை மிக நுண்ணியவை என்பதால் நீர் எளிதில் செல்லாது. ஆற்று மணலில் விரைவாகச் செல்லும்.

இந்த ஓட்டத்துக்கு முதன்முதலில் கணக்கு எழுதியவர் பிரான்சு நாட்டுப் பொறியாளர் ஹென்றி டார்சி. டிஜோன் நகரின் குடிநீர் ஏற்பாடு பற்றி 1856இல் அவர் வெளியிட்ட நூலில், மணல் நிரப்பிய குழாய்களில் நீரைச் செலுத்தி நடத்திய சோதனைகளைப் பதிவு செய்தார். ஓட்டத்தின் அளவு இரு முனைகளிலும் உள்ள நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும், மணல் அடுக்கின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் இருப்பதை அவர் கண்டார். டார்சி விதி எனப்படும் இது இன்றும் நிலத்தடி நீரியலின் அரிச்சுவடியாக உள்ளது.

அடுத்த பெரிய முன்னேற்றம் 1935இல் வந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த சி. வி. தைஸ், ஒரு கிணற்றில் நீர் இறைக்கும்போது சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் காலப்போக்கில் எவ்வாறு இறங்கும் என்பதற்கு ஒரு சமன்பாடு தந்தார். திண்மப் பொருளில் வெப்பம் பரவும் கணக்கை நீருக்குப் பொருத்திப் பார்த்ததன் விளைவு அது. இதனால் தோண்டாமலே நிலத்தின் தன்மையை அறிய வழி பிறந்தது. ஒரு கிணற்றில் இறைத்து மற்றொரு கிணற்றில் அளந்தால், இடையிலுள்ள பாறை எப்படிப்பட்டது என்று கணக்கிட்டுச் சொல்லலாம். சாலி பென்சன் தொழில் பழகியது இந்தக் கலையில்தான்.

கல்வியும் தொடக்கப் பணியும்

நியூயார்க்கிலுள்ள பார்னார்டு கல்லூரியில் புவியியல் பயின்று 1977இல் இளநிலைப் பட்டம் பெற்றார் பென்சன். 1980இல் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். பணியில் இருந்தபடியே பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1984இல் முதுநிலைப் பட்டமும், 1988இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

அவர் சேர்ந்த காலத்தில் அந்த ஆய்வகத்தின் புவி அறிவியல் பிரிவு புதியது. நிலத்தடி நீரியலில் பெயர்பெற்ற பால் விதர்ஸ்பூன் அதை 1977இல் நிறுவியிருந்தார். 1970களின் எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பிறகு அமெரிக்க அரசு புவிவெப்ப ஆற்றலில் அக்கறை காட்டிய காலம் அது. பூமிக்குள் இருக்கும் வெந்நீரையும் நீராவியையும் எடுத்துப் பயன்படுத்தினால் அவை எத்தனை ஆண்டு தாங்கும் என்பதே அன்றைய பெரிய கேள்வி.

ஆரிகன் மாநிலத்தின் கிளமத் ஃபால்ஸ் என்னும் ஊரில் இந்தக் கேள்வி தெருச் சண்டையாகவே மாறியிருந்தது. அவ்வூரில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சொந்த வெந்நீர்க் கிணறு உண்டு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க அதையே நம்பியிருந்தனர். இந்நிலையில் நகராட்சி பெரிய கிணறுகள் தோண்டி நகர் மையத்துக்கு வெந்நீர் வழங்க ஒரு திட்டம் அமைத்தது. நகராட்சி இறைக்கத் தொடங்கினால் தங்கள் கிணற்றில் நீர்மட்டம் இறங்கிவிடும் என்று மக்கள் எதிர்த்தனர். திட்டம் முடங்கியது.

1983 கோடையில் பல நிறுவனங்கள் சேர்ந்து அங்கு ஒரு பெரிய சோதனை நடத்தின. ஒரு கிணற்றிலிருந்து பல நாள்கள் தொடர்ந்து நீர் இறைத்தனர். பின்னர் அந்த நீரை வேறொரு கிணற்றின் வழியே மீண்டும் நிலத்துக்குள் செலுத்தினர். ஊரெங்கும் உள்ள கிணறுகளில் நீர்மட்டம் அளக்கப்பட்டது. இந்த அளவீடுகளை ஆராய்ந்தவர்களில் பென்சனும் ஒருவர். இறைத்தபோது இறங்கிய நீர்மட்டம், திரும்பச் செலுத்தியபோது ஏறியது. பாறையின் விரிசல்கள் ஊர் முழுவதையும் ஒரே தொட்டிபோல இணைத்திருந்தன என்பது தெளிவானது. எடுத்த நீரை நிலத்துக்கே திருப்பித் தந்தால் எல்லாருக்கும் வெந்நீர் நிலைக்கும் என்ற முடிவு ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டே நகராட்சித் திட்டம் இயங்கத் தொடங்கியது. நிலத்தடியைப் பற்றிய வாக்குவாதத்தை அளவீட்டால் தீர்க்க முடியும் என்பதற்கு இது ஒரு சான்று.

கெஸ்டர்சன் நச்சுக் குளங்கள்

பென்சனின் பெயரை அறிவியல் உலகில் நிலைநிறுத்தியது அடுத்து வந்த கெஸ்டர்சன் ஆய்வு. கலிஃபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கு உலகின் வளமான வேளாண் பகுதிகளில் ஒன்று. அதன் மேற்குப் பகுதியில் மேல்மண்ணுக்குக் கீழே களிமண் அடுக்கு உள்ளதால், பாசன நீர் கீழே வடியாமல் தேங்கி வேர்களை அழுகச் செய்தது; உப்பையும் மேலே கொண்டுவந்தது. அந்த நீரை வடிப்பதற்காக நிலத்தடிக் குழாய்களும், சான் லூயிஸ் வடிகால் என்ற கால்வாயும் அமைக்கப்பட்டன. கால்வாய் ஆற்றுக் கழிமுகம் வரை செல்ல வேண்டும் என்பது திட்டம். ஆனால் செலவும் எதிர்ப்பும் சேர்ந்துகொள்ள, 1975இல் சுமார் 137 கிலோமீட்டரோடு வேலை நின்றது. கால்வாய் நின்ற இடத்தில் 12 குளங்கள் வெட்டி, நீரை அங்கே விட்டனர். அந்த இடமே கெஸ்டர்சன் நீர்த்தேக்கம். வறண்ட பகுதியில் நீர்நிலை கிடைத்ததால் பறவைகள் திரண்டன. அது ஒரு வனவிலங்குப் புகலிடமாகவும் இருந்தது.

1981 அளவில் குளங்களுக்கு வந்தது முழுவதும் வயல்களின் வடிநீராகவே இருந்தது. அடுத்த ஆண்டு, கொசுமீன் ஒன்றைத் தவிர மற்ற மீன்கள் மறைந்துபோயிருந்தன. 1983 வசந்தத்தில் அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் அறிவியலாளர்கள் கூடுகளைப் பார்வையிட்டபோது, முட்டைகளுக்குள் குஞ்சுகள் இறந்து கிடந்தன. வாத்து, நாமக்கோழி, நெடுங்கால் உள்ளான், முக்குளிப்பான் ஆகிய இனங்களின் குஞ்சுகள் கண் இல்லாமலும் அலகு கோணியும் கால் வளராமலும் இருந்தன.

காரணம் செலினியம். மிகச் சிறிய அளவில் உடலுக்குத் தேவையான இத்தனிமம், அளவு சற்று மிஞ்சினால் நஞ்சாகிவிடும். பள்ளத்தாக்கின் மேற்கே உள்ள மலைகள் பழங்காலக் கடலடிப் படிவுகளால் ஆனவை. அவற்றிலிருந்து வந்த மண்ணில் செலினியம் இருந்தது. பாசன நீர் அதைக் கரைத்தது. வடிகால் அதைக் கொண்டுவந்து குளத்தில் சேர்த்தது. பாசியும் பூச்சியும் மீனும் அதைத் திரட்டிப் பறவைகளுக்கு ஊட்டின. பாசனத்துக்கு நீர் கொண்டுவந்தவர்கள் அந்த நீர் வெளியேறும் வழியைப் பற்றி முடிவுவரை சிந்திக்கவில்லை. 1985இல் நீர்த்தேக்கத்தை மூடுவதாக அரசு அறிவித்தது. 1986இல் வடிநீர் வருவது முற்றிலும் நின்றது.

அதன் பிறகே பெர்க்லி ஆய்வகத்தின் வேலை தொடங்கியது. குளத்தில் தேங்கிய நஞ்சு நிலத்துக்குள் இறங்கி, சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்துவிடுமா என்று மக்கள் அஞ்சினர். மாசுபட்ட மண் முழுவதையும் அகழ்ந்து ஓரிடத்தில் புதைக்க வேண்டும் என்ற யோசனையும் எழுந்தது. அதற்குப் பெரும் பணம் தேவை.

பென்சனும் உடன் பணியாற்றியோரும் குளங்களைச் சுற்றிக் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து நீரை ஆராய்ந்தனர். குளத்து நீரின் உப்பு நிலத்துக்குள் இறங்கித் தொலைவு சென்றிருந்தது. ஆனால் உப்போடு சேர்ந்து சென்றிருக்க வேண்டிய செலினியம் பெரும்பாலான இடங்களில் காணப்படவில்லை. அது குளத்தின் அடியிலுள்ள மேல்மண்ணிலேயே தங்கிவிட்டிருந்தது. குளத்தடிச் சேற்றில் ஆக்சிஜன் கிடையாது. அங்கு வாழும் நுண்ணுயிரிகள், நீரில் எளிதில் கரையும் செலினேட்டைக் கரையாத வடிவங்களாக மாற்றிவிட்டன. 1991இல் நீர்வள ஆய்வு இதழ் ஒன்றில் இக்குழுவினர் வெளியிட்ட இரு கட்டுரைகள் இதை விளக்கின. முதலாவது, உப்பைத் தடயமாகக் கொண்டு நீரின் ஓட்டத்தைக் காட்டியது. இரண்டாவது, செலினியம் ஏன் அந்த ஓட்டத்தோடு செல்லவில்லை என்பதைச் சொன்னது.

ஆகவே அபாயம் நிலத்தடி நீரில் இல்லை. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறித் தாழ்வான இடங்களில் தேங்கும் குட்டைகளில் இருந்தது. அங்கு ஆக்சிஜன் பட்டால் செலினியம் மீண்டும் கரையும்; பறவைகள் மீண்டும் அதை உண்ணும். 1988இல் தாழ்வான பகுதிகளில் மண் கொட்டி மேடாக்கினர். முழுவதையும் அகழும் திட்டம் கைவிடப்பட்டது. ஆய்வகம் அதன்பின் பல ஆண்டுகள் அந்த இடத்தைக் கண்காணித்தது.

கெஸ்டர்சன் இரண்டு பாடங்களைத் தந்தது. மண் ஒரு பொருளைக் கெட்டியாகப் பிடித்துவைக்கவும் கூடும், சூழல் மாறினால் விட்டுவிடவும் கூடும் என்பது ஒன்று. இரண்டில் எது நடக்கும் என்பதை அச்சமோ நம்பிக்கையோ சொல்லாது, கிணறு தோண்டி அளந்தால்தான் தெரியும் என்பது மற்றொன்று.

கரியமில வாயுவைப் புதைக்கும் எண்ணம்

நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வெளிவரும் கரியமில வாயுவைக் காற்றில் விடாமல் வேறிடத்தில் சேர்க்கலாம் என்ற யோசனையை 1977இல் இத்தாலியரான செசாரே மார்க்கெட்டி முன்வைத்தார். அவர் கூறியது ஆழ்கடலைப் பற்றி. பின்னர் கவனம் ஆழமான பாறை அடுக்குகளுக்குத் திரும்பியது. எண்ணெயும் இயற்கை வாயுவும் பல கோடி ஆண்டுகள் பாறைக்குள் அடைபட்டுக் கிடந்திருக்கின்றன அல்லவா? அப்படியானால் நாம் செலுத்தும் வாயுவும் அவ்வாறே கிடக்கலாம் என்பது வாதம்.

முதல் பெரிய முயற்சி நார்வேயில் நடந்தது. 1991இல் அந்நாடு கடலிலுள்ள எண்ணெய், வாயு வயல்களில் வெளியாகும் கரியமில வாயுவுக்கு வரி விதித்தது. வட கடலின் ஸ்லைப்னர் வயலில் கிடைத்த இயற்கை வாயுவில் ஏறத்தாழ 9 விழுக்காடு கரியமில வாயு கலந்திருந்தது. அதை எப்படியும் பிரித்தாக வேண்டும். பிரித்ததைக் காற்றில் விட்டால் வரி கட்ட வேண்டும். எனவே 1996 முதல் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 இலட்சம் டன் வாயுவை, கடலடிக்குக் கீழே உப்புநீர் நிறைந்த உட்சிரா மணற்கல் அடுக்கில் செலுத்தத் தொடங்கினர்.

இதில் ஆழம் முக்கியம். சுமார் 800 மீட்டருக்குக் கீழே அழுத்தமும் வெப்பமும் கூடுவதால் கரியமில வாயு மீக்கடத்து நிலை என்னும் நிலையை அடைகிறது. அப்போது அது வாயுவைப் போலப் பரவும். ஆனால் நீர்மத்துக்கு நெருங்கிய அடர்த்தி கொண்டிருக்கும். எனவே குறைந்த இடத்தில் மிகுதியாக அடங்கும். அப்போதும் அது உப்புநீரைவிட இலேசானது. மேலே எழவே முயலும். அதைத் தடுக்க மேலே ஊடுருவ முடியாத மூடுபாறை வேண்டும்.

பழைய பாடங்களைத் திரட்டுதல்

1990களில் பெர்க்லி ஆய்வகத்தின் புவி அறிவியல் பிரிவுக்கு இயக்குநராகவும், பிறகு ஆய்வகத்தின் மூத்த நிர்வாகிகளுள் ஒருவராகவும் இருந்த பென்சன், கார்பன் சேமிப்பு ஆய்வில் முழுமையாக இறங்கினார். அவர் தலைமையில் 2002இல் வெளிவந்த ஓர் அறிக்கை, பூமிக்குள் பொருள்களைச் சேமித்த பழைய அனுபவங்களைத் தொகுத்தது. இயற்கை வாயுவை நிலத்தடியில் சேமிக்கும் வழக்கம் 1915இல் கனடாவின் ஒன்டாரியோவில் தொடங்கியது. தொழிற்சாலைக் கழிவுநீரை ஆழ்கிணறுகளில் செலுத்துவதும் பல பத்தாண்டுகளாக நடந்துவந்தது. அணுக்கழிவைப் புதைப்பதற்கான ஆய்வுகளும் இருந்தன. இயற்கையிலேயே கரியமில வாயு பெருகி வெளிப்பட்ட இடங்களும் உண்டு. கேமரூன் நாட்டின் நியோஸ் ஏரியின் அடியில் கரைந்திருந்த வாயு 1986 ஆகஸ்டில் ஒரே இரவில் பொங்கி வெளியேறி, சுமார் 1,700 பேரை மூச்சுத்திணறிச் சாகச் செய்தது.

இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. நன்கு தேர்ந்தெடுத்த பாறை அடுக்கு பெரும்பாலும் பொருளைக் காத்துநிற்கிறது. கசிவுகள் மிகுதியும் மனிதன் போட்ட துளைகளின் வழியே, அதாவது பழுதான கிணறுகளின் வழியே, நிகழ்கின்றன. இதற்குப் பின்னாளிலும் சான்று கிடைத்தது. கலிஃபோர்னியாவின் அலிசோ கனியன் நிலத்தடி வாயுக் கிடங்கில் 2015 அக்டோபரில் ஒரு பழைய கிணற்றின் உறைக்குழாய் அரித்து உடைந்தது. நான்கு மாதங்களில் ஏறத்தாழ 97,000 டன் மீத்தேன் காற்றில் கலந்தது. பாறை பழுதாகவில்லை, குழாய்தான் பழுதானது.

ஃபிரியோ சோதனை

பழைய அனுபவங்கள் மட்டும் போதா. நேரடிச் சோதனையும் வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில், ஹியூஸ்டன் நகருக்கு வடகிழக்கே, 2004 அக்டோபரில் அமெரிக்காவில் இத்துறையின் தொடக்ககால வயல்வெளிச் சோதனை நடந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் புவியியல் பணியகத்தைச் சேர்ந்த சூசன் ஹோவோர்க்கா அதற்குத் தலைமை தாங்கினார். பெர்க்லி ஆய்வகம் அளவீட்டுக் கருவிகளோடும் கணினி மாதிரிகளோடும் பங்கேற்றது.

சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் உப்புநீர் நிறைந்த ஃபிரியோ மணற்கல் அடுக்கில் 10 நாள்களில் 1,600 டன் கரியமில வாயுவைச் செலுத்தினர். 30 மீட்டர் தொலைவில் கண்காணிப்புக் கிணறு ஒன்று இருந்தது. செலுத்தத் தொடங்கி 51 மணி நேரத்தில் வாயு அங்கு வந்து சேர்ந்தது. நில அதிர்வலைகளை ஒரு கிணற்றிலிருந்து மற்றதற்கு அனுப்பி, வாயு பரவிய இடத்தைப் படமாகவும் எடுத்தனர்.

எதிர்பாராத செய்தி ஒன்றும் கிடைத்தது. வாயு கரைந்ததால் உப்புநீர் அமிலத்தன்மை அடைந்தது, அதன் பி.எச். மதிப்பு 6.5இலிருந்து 5.7ஆக இறங்கியது. அமில நீர் பாறையிலுள்ள இரும்புக் கனிமங்களைக் கரைத்ததால், நீரிலிருந்த இரும்பு லிட்டருக்கு 30 மில்லிகிராமிலிருந்து 1,100 மில்லிகிராமாக உயர்ந்தது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் யூசிஃப் கராக்காவும் உடனிருந்தோரும் இதை 2006இல் வெளியிட்டனர். செலுத்தும் வாயு பாறையோடும் கிணற்றின் சிமெண்டோடும் வேதிவினை புரியும் என்பதால், இயற்பியல் கணக்கோடு வேதியியல் கணக்கும் சேர்த்தே போட வேண்டும் என்பது உறுதியானது. கெஸ்டர்சனில் கற்ற பாடம் வேறொரு வடிவில் திரும்பி வந்தது.

பன்னாட்டு அறிக்கையும் நால்வகைப் பிடிப்பும்

பருவநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழு 2005இல் கார்பன் சேமிப்பு பற்றி ஒரு சிறப்பு அறிக்கை வெளியிட்டது. அதில் நிலத்தடிச் சேமிப்பு பற்றிய அத்தியாயத்தை ஒருங்கிணைத்து எழுதியவர்கள் சாலி பென்சனும் ஆஸ்திரேலியாவின் பீட்டர் குக்கும். இத்துறைக்கு வரும் மாணவர்கள் இன்றும் முதலில் படிப்பது இந்த அத்தியாயத்தையே.

செலுத்திய வாயுவைப் பூமி நான்கு வழிகளில் பிடித்துவைக்கிறது என்று அது விளக்குகிறது.

முதலாவது, மூடுபாறையின் தடுப்பு. மேலே எழும் வாயு இதன் கீழ் தேங்கி நிற்கும்.

இரண்டாவது, நுண்துளைப் பிடிப்பு. வாயு நகர்ந்து செல்லும்போது அதன் பின்னே நீர் மீண்டும் துளைகளில் புகுந்து, வாயுவைச் சிறு சிறு குமிழிகளாகத் துண்டித்துச் சிறைப்படுத்தும். குமிழிகள் பின்னர் நகர இயலாது.

மூன்றாவது, கரைதல். சோடாவில் கரைந்திருப்பதுபோல வாயு உப்புநீரில் கரையும். அவ்வாறு கரைந்த நீர் சற்றுக் கனமானது. எனவே மேலே எழாமல் கீழே அமரும்.

நான்காவது, கனிமமாதல். வாயு பாறையோடு வினைபுரிந்து கார்பனேட் கல்லாக மாறும். மணற்கல்லில் இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகலாம். ஐஸ்லாந்தின் எரிமலைப் பாறையான பசால்டில் செலுத்தியபோது இரண்டு ஆண்டுகளுக்குள் பெரும்பகுதி கல்லானதாக 2016இல் வெளியான கார்ப்ஃபிக்ஸ் ஆய்வு காட்டியது.

முதல் வழியை மட்டும் நம்பினால் மூடுபாறையில் ஒரு விரிசல் போதும். காலம் செல்லச் செல்ல மற்ற மூன்றும் சேர்ந்துகொள்வதால் பிடி இறுகுகிறது. இதை வைத்துப் பென்சன் வரைந்த அபாயக் கோடு புகழ்பெற்றது. செலுத்தும் காலத்தில் அழுத்தம் கூடக்கூட அபாயமும் கூடும். செலுத்துவதை நிறுத்தியதும் அழுத்தம் தணிந்து, அபாயம் படிப்படியாகக் குறையும். தகுந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து முறையாக நிர்வகித்தால், 100 ஆண்டுகளுக்குப் பிறகு 99 விழுக்காட்டுக்கு மேல் உள்ளேயே இருப்பது மிகவும் சாத்தியம் என்று அறிக்கை கூறியது. இதை மேற்கோள் காட்டுவோர் பலரும் "தகுந்த இடம்", "முறையான நிர்வாகம்" என்ற இரு நிபந்தனைகளை விட்டுவிடுகின்றனர். முழுக் கனமும் அவற்றில்தான் இருக்கிறது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வுகள்

2007இல் ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்த பென்சன், அங்கு இரண்டாவது வகைப் பிடிப்பை ஆய்வகத்தில் நேரடியாகக் கண்டறிய முயன்றார். ஆழ்துளையிலிருந்து எடுத்த உருளை வடிவப் பாறைத் துண்டை, பூமிக்குள் இருக்கும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்து, நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்துச் செலுத்தினர். மருத்துவமனைகளில் பயன்படும் சி.டி. ஸ்கேன் கருவியால் பாறையின் உள்ளே படமெடுத்தனர். வெளிப்பார்வைக்கு ஒரே சீராகத் தோன்றும் மணற்கல்லிலும் வாயு சீராகப் பரவுவதில்லை என்பது தெரிந்தது. மில்லிமீட்டர் அளவிலான அடுக்கு வேறுபாடுகூட அதன் வழியை மாற்றிவிடுகிறது. மாணவர்களோடும் இளம் ஆய்வாளர்களோடும் சேர்ந்து இவர் எடுத்த அளவீடுகள், கணினி மாதிரிகளுக்குத் தேவையான உண்மையான எண்களைத் தந்தன.

மறுப்புகளும் ஐயங்களும்

கார்பன் சேமிப்பை எல்லாரும் ஏற்கவில்லை. வலுவான மறுப்பு ஒன்று அதே ஸ்டான்ஃபோர்டிலிருந்து வந்தது. பேராசிரியர்கள் மார்க் ஸோபேக், ஸ்டீவன் கோரெலிக் இருவரும் 2012இல் ஒரு கட்டுரை எழுதினர். உள்நாட்டுப் பாறைகளில் பேரளவில் திரவத்தைச் செலுத்தினால் சிறு நிலநடுக்கங்கள் தூண்டப்படக்கூடும். சிறு நிலநடுக்கமும் மூடுபாறையின் காப்பைக் குலைக்கலாம். எனவே பேரளவுச் சேமிப்பு ஆபத்தானது, வெற்றிபெறுவதும் அரிது என்பது அவர்கள் வாதம். வேறு அறிவியலாளர்கள் இதை மறுத்து எழுதினர். வாதம் முற்றும் தீரவில்லை. ஆனால் பாறையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதோடு எவ்வளவு அழுத்தத்தை அது தாங்கும் என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது நிலைபெற்றது.

அல்ஜீரியாவின் இன் சாலா வயல் இதற்கு உதாரணம். 2004 முதல் அங்கு சுமார் 38 இலட்சம் டன் கரியமில வாயு செலுத்தப்பட்டது. செயற்கைக்கோள் ரேடார் அளவீட்டில், கிணறுகளுக்கு மேலுள்ள தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்வது தெரிந்தது. பெர்க்லி ஆய்வாளர்கள் உட்படப் பலர் அதை ஆராய்ந்து, ஆழத்தில் விரிசல் திறந்திருக்கலாம் என்று காட்டினர். மூடுபாறையின் காப்பு குறித்துக் கவலை எழுந்ததால் 2011இல் செலுத்துவது நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள டிகேட்டர் சேமிப்புத் தளத்திலும், கண்காணிப்புக் கிணறு ஒன்றின் அரிப்பால் கசிவு ஏற்பட்டது 2024இல் வெளியே தெரியவந்தது. கண்காணிக்க வெட்டிய கிணறே கசியும் வழியானது.

மற்றொரு விமர்சனம் நோக்கத்தைப் பற்றியது. இதுவரை பிடிக்கப்பட்ட கரியமில வாயுவில் பெரும்பகுதி, பழைய வயல்களில் எஞ்சிய எண்ணெயை உந்தி எடுக்கவே செலவானது. பென்சன் பொறுப்பேற்ற ஸ்டான்ஃபோர்டின் உலகப் பருவநிலை, ஆற்றல் திட்டத்துக்கு நிதி தந்தவர்களில் எக்சான்மொபில் போன்ற நிறுவனங்கள் இருந்தன. எண்ணெய் எரிப்பதைத் தொடர இது ஒரு சாக்கு ஆகிவிடாதா என்று கேட்பவர்களின் கேள்வியைப் புறக்கணிக்க முடியாது. அளவையும் நினைவிற்கொள்ள வேண்டும். உலகம் ஆண்டுக்கு 3,700 கோடி டன்னுக்கும் மேல் கரியமில வாயுவை எரிபொருள்களால் வெளியிடுகிறது. அதைப் பிடிக்கும் நிலையங்களின் மொத்தத் திறன் 5 கோடி டன் அளவே.

பென்சன் கார்பன் சேமிப்பை மட்டுமே தீர்வாகக் கருதியவர் அல்லர். சூரிய ஒளி, காற்றாலை மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலங்களை உருவாக்கவே எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதையும் இவர் குழுவினர் கணக்கிட்டனர். ஸ்டான்ஃபோர்டின் பிரிகோர்ட் ஆற்றல் நிறுவனத்தை, இந்தியாவில் பிறந்த பொறியாளர் அருண் மஜும்தாருடன் இணைந்து இயக்கினார். 2021 இறுதியில் வெள்ளை மாளிகையின் அறிவியல், தொழில்நுட்பக் கொள்கை அலுவலகத்தில் ஆற்றல் துறைக்கான துணை இயக்குநராகச் சேர்ந்து, பின்னர் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார்.

மதிப்பீடு

இந்தியாவிலும் இத்துறை பேசப்படத் தொடங்கியுள்ளது. நிதி ஆயோக் 2022இல் கார்பனைப் பிடித்தல், பயன்படுத்தல், சேமித்தல் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. தக்காணப் பீடபூமியின் பரந்த பசால்டுப் பாறைகளும் சேமிப்பிடமாகக் கருதப்படுகின்றன. எங்கு செய்தாலும், அந்த இடத்துக்கு மேலே ஊர்கள் இருக்கும், கிணறுகள் இருக்கும். அங்கு வாழ்வோருக்கு, "எங்களை நம்புங்கள்" என்ற சொல் போதாது.

பென்சனின் வாழ்நாள் பணி தரும் பயன் இங்கேதான் உள்ளது. கெஸ்டர்சனுக்கு நீரை அனுப்பியவர்கள் அது எங்கே போய் முடியும் என்று கேட்கவில்லை. பறவைகள் விலை கொடுத்தன. கார்பன் சேமிப்பில் அந்தக் கேள்வி முதல் நாளிலேயே கேட்கப்பட வேண்டும். செலுத்துவதற்கு முன் பாறையை அறிதல், செலுத்தும்போது அழுத்தத்தை அளத்தல், நிறுத்திய பின்னும் பல்லாண்டு கண்காணித்தல், பழைய கிணறுகளைத் தேடி அடைத்தல், அளந்ததை மறைக்காமல் வெளியிடுதல் ஆகியவை இவரும் இவர் தலைமுறை அறிவியலாளர்களும் வகுத்துத் தந்த ஒழுங்குகள். பூமி பிடித்துவைக்கும் என்று இவர்கள் வெறுமனே வாக்குறுதி தரவில்லை. பிடித்துவைத்திருக்கிறதா என்று பார்க்கும் வழியைத் தந்தார்கள்.